மாதிரி எண் நான்கு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு சொட்டுக் கலப்படம் கிடையாது. நம்ப மாட்டேன் என்கிறவர்கள் இப்போதே எழுந்து போய் வேறு வேலை பார்க்கலாம்; யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. உட்கார்ந்திருப்பவர்களுக்காக மட்டும் மேலே எழுதப்படுகிறது.

அந்த ஊரில் பாட்டில்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். பழைய பாட்டில் வாங்குகிறவர் அல்ல. குடிநீர்ப் பிரிவில் தண்ணீர் மாதிரி எடுக்கிறவர். பத்தொன்பது வருடமாக அந்த ஒரே வேலை. செவ்வாய்க்கிழமை காலையில் தோளில் ஐஸ் பெட்டியை மாட்டிக்கொண்டு கிளம்புவார். ஆறு இடம், ஆறு பாட்டில். ஒன்று நீரேற்று நிலையம், இரண்டு மேல்நிலைத் தொட்டி, மூன்று ஆஸ்பத்திரி, ஐந்து பள்ளிக்கூடம், ஆறு பேருந்து நிலையம். விட்டுப்போன நான்கு, குழாய் போய் முடிகிற கடைசி வீடு. அது அவருடைய சொந்த வீடுதான். அந்த வீட்டுக்கு வேலை நாளில் சமையலறை வழியாகப் போக மாட்டார். வாசலில் நின்று கதவைத் தட்டி, "மாதிரி எடுக்க வந்திருக்கேன்" என்று மனைவியிடம் முறைப்படி சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அவளும் "செருப்பைக் கழட்டிட்டு வாங்க சார்" என்பாள்.

குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும். பாட்டிலை மூன்று தரம் அலச வேண்டும். குமிழி தங்காமல் நிரப்பி, மூடி, லேபிள் ஒட்டி, பெட்டிக்குள் வைத்து, பத்து நாற்பது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பரிசோதனைக்கூடம் எழுபது கிலோமீட்டர். பத்தொன்பது வருடத்தில் அவர் ஒரு குமிழிகூட விட்டதில்லை.

ஆற்றின் மேல்பக்கம் ஒரு ஆலை வந்தது. ஒட்டாத வாணலிக்கு உள்ளே பூசுகிற பூச்சு தயாரிக்கிற ஆலை. கழிவு ஓடையில் விழுந்தது, ஓடை ஏரியில் விழுந்தது, ஏரித் தண்ணீர் குழாயில் வந்தது. நிறம் இல்லை, வாடை இல்லை, ருசி இல்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

முதலில் தெரிந்தது பல்லிகளுக்கு. சுவரில் ஏறியது பாதியில் வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி ஏறிப் பார்த்தது, மறுபடி விழுந்தது. ஒரு வாரத்தில் அந்த ஊர்ப் பல்லிகள் எல்லாம் மனம் தேறி, மனிதர்களைப் போலத் தரையிலேயே நடமாட ஆரம்பித்தன. அடுத்து தபால் நிலையம். தபால்காரர் கடிதத்தை ஒரு கையிலும் தபால்தலையை மறு கையிலும் வைத்துக்கொண்டு, "இது உங்களுது, இதுவும் உங்களுது" என்று தனித்தனியாகக் கொடுத்துவிட்டுப் போனார். சுவரொட்டிகள் காலையில் ஒட்டினால் மத்தியானம் சாலையில் கிடந்தன. முடிதிருத்துகிறவர் பூசிய சோப்பு நுரை கன்னத்தில் நிற்காமல் வழிந்து, எதிர் நாற்காலிக்காரரின் மடியில் போய் உட்கார்ந்தது. காவல் நிலையத்தில் ஒரு திருடனுக்கு விலங்கு மாட்டினார்கள். அது கழன்று விழுந்தது. நல்ல குடும்பத்துத் திருடன். குனிந்து எடுத்து, "சார், உங்க சாமான் விழுந்துடுச்சு" என்று மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான்.

நன்மையும் இல்லாமல் இல்லை. நகராட்சி அலுவலகத்தில் எந்தக் கோப்பும் எந்த மேசையிலும் தங்கவில்லை. வைத்தவுடன் வழுக்கி அடுத்த மேசைக்குப் போனது, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. மூன்று வருடம் ஆகிற வேலை மூன்று மணி நேரத்தில் கடைசி மேசையைத் தாண்டி ஜன்னல் வழியாக வெளியேறியது. எந்தக் கோப்பும் தேங்கவில்லை என்று அந்த அலுவலகத்துக்குப் பாராட்டுச் சான்றிதழ்கூட வந்தது. அதை மாட்ட ஆணி அடித்தார்கள். ஆணி சுவரில் நிற்கவில்லை.

பாட்டில்காரருக்கு இதெல்லாம் வேடிக்கையாக இல்லை. அவருடைய லேபிள் நிற்கவில்லை.

நனையாத பாட்டிலில் லேபிள் ஒழுங்காக உட்காரும். தண்ணீர் உள்ளே போனதும் சம்மன் பார்த்த கடன்காரன் மாதிரி நழுவும். கம்பியால் கட்டினார், கம்பி வழுக்கியது. மையால் எழுதினார், மை முத்து முத்தாக உருண்டு ஓடியது. ஆணியால் கீறினார், கீறல் விழுந்த பாட்டிலை வாங்க மாட்டோம் என்றது பரிசோதனைக்கூடம். அங்கே மாதிரி வாங்குகிற கவுன்ட்டரில் ஒரு அம்மா. விதி விதி என்றே பேசுவதால் அவரை விதியம்மா என்பார்கள்.

"லேபிள் எங்கே?"

"வழியில விழுந்துடுச்சும்மா. ஆனா பெட்டில வரிசையா அடுக்கியிருக்கேன். இடப்பக்கம் முதல் பாட்டில் நீரேற்று நிலையம்."

"பெட்டியை யாராவது திருப்பி வெச்சிருந்தா?"

"நான்தானே வெச்சேன்!"

"நீங்களே திருப்பி வெச்சிருந்தா?"

விதியம்மா படிவத்தை இழுத்தார். நிராகரிப்பு என்று முத்திரை குத்தினார்.

இப்படி நான்கு மாதம். இதில் ஒரு சங்கடம் இருந்தது. மாதிரி நிராகரிக்கப்பட்டால் மாத அறிக்கையில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். குடிநீர்ப் பிரிவில் காலிக் கட்டத்தைக் காலியாக விடும் வழக்கம் இல்லை. யாராவது பின்னால் எதையாவது எழுதிவிடுவார்கள் என்று குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுவார்கள். மேலிடத்தில் கோடு என்றால் "குறை ஏதும் இல்லை" என்று அர்த்தம். ஆக, நான்கு மாதமாக யாரும் சோதிக்காத தண்ணீர், தாள்களில் பார்த்தால், மாநிலத்திலேயே சுத்தமான தண்ணீராக இருந்தது. அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்துப் போட்டவரும் பாட்டில்காரர்தான்.

வீட்டில் அவருக்கு ஒரு பேத்தி இருந்தாள். மூன்று மாதக் குழந்தை. சுண்டெலி என்று கூப்பிடுவார்கள். தாய்ப்பால் போதாததால் பால் பவுடர். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, கரைத்துக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை தோறும் சுகாதார நிலையத்தில் நர்ஸ் எடை போடுவார். நான்கு கிலோ நூறு. அடுத்த திங்கள், நான்கு கிலோ நூறு. அதற்கடுத்த திங்களும் அதேதான். நர்ஸ் தராசைத் தட்டிப் பார்த்தார், தன் கைப்பையை வைத்துப் பார்த்தார். தராசு சரியாகத்தான் இருந்தது.

"தண்ணியைப் பாருங்க" என்றார் நர்ஸ், தணிந்த குரலில். "இந்தத் தெருவுல மட்டும் இது நாலாவது குழந்தை."

"கொதிக்க வெச்சுத்தானே குடுக்கறோம்?" என்றாள் மருமகள்.

"எல்லாம் கொதிச்சாப் போயிடாதும்மா. சிலது தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும்."

கேன் தண்ணீர் வாங்கலாமே என்று தோன்றும். வாங்கப் போனார் பாட்டில்காரர். கேன் கடைக்காரர் யோக்கியர். "அண்ணே, உங்க கிட்ட மறைக்க முடியுமா? உங்க வீட்டுக் குழாய்தான் என் வீட்டுக் குழாயும். மூடி மட்டும் எங்களுது" என்றார்.

அன்று முழுவதும் பாட்டில்காரர் சாப்பிடவில்லை. உதவிப் பொறியாளரிடம் போய் நின்றார்.

"ரிப்போர்ட் கொண்டாங்க" என்றார் உதவிப் பொறியாளர். "கையில ரிப்போர்ட் வந்த அடுத்த நிமிஷம் வால்வை மூடறேன். ரிப்போர்ட் இல்லாம மூடினா என்னை மூடிடுவாங்க."

"லேபிள் நிக்க மாட்டேங்குது சார். அந்தத் தண்ணிலதான் என்னமோ இருக்கு, அதனாலதான் நிக்கல. அதுவே ஆதாரம் இல்லையா?"

"அப்படியா? அதை எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். அது வழுக்கி, அடுத்த மேசை, அதற்கடுத்த மேசை, ஜன்னல் என்று போய்விட்டது.

அந்த வாரம்தான் சம்பந்தி வந்தார். மருமகளின் அப்பா. வேறு ஆற்றுத் தண்ணீர் குடிக்கிற வேறு ஊர்க்காரர். ஓய்வு பெற்ற எடைக்கல் பரிசோதகர். கல்யாணத்தன்று பாட்டில்காரர் வீட்டு நாற்காலியில் உட்காரும் முன் அதை ஆட்டிப் பார்த்தவர். இன்னும் ஆட்டித்தான் பார்க்கிறார். எங்கே போனாலும் தன் ஊர்த் தண்ணீரை நான்கு பெரிய கேனில் கொண்டுபோவது அவர் பழக்கம்.

பேத்தியைக் கையில் வாங்கினார். ஒருமுறை மேலும் கீழும் அசைத்தார்.

"நாலு கிலோ நூறு" என்றார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார் பாட்டில்காரர்.

"முப்பத்தி மூணு வருஷம் இதைத்தானே பண்ணேன். போன மாசம் என் பொண்ணு போன்ல சொன்னதும் நாலு கிலோ நூறு. என்ன சம்பந்தி இது? நீங்க ஊருக்கெல்லாம் தண்ணி பாக்கறவரு."

பாட்டில்காரர் தலையைக் குனிந்தார். அந்த வார்த்தை சுருக்கென்று இறங்கியது.  சம்பந்தி தன் நான்கு கேனையும் சமையலறைக்குள் தூக்கிக்கொண்டு போனார்.

"இது பாப்பாவுக்கு. வேற யாரும் தொடக் கூடாது. நானும்தான்."

"அப்ப நீங்க என்ன குடிப்பீங்க, மாமா?" என்றான் பாட்டில்காரரின் மகன். அவன் பத்து நாற்பது பஸ்ஸின் கண்டக்டர்.

"எங்க ஊர்லேர்ந்து இங்க பெட்டிக்கடைக்குக் கலர் சோடா வருதில்ல? அதைக் குடிப்பேன். ஆனா உங்க ஊர்த் தண்ணில ஒரு சொட்டு என் மேல படக் கூடாது. குளிக்கவும் மாட்டேன்."

சொன்னபடியே செய்தார். ஆறு நாள். காலையில் ஆரஞ்சு, மத்தியானம் பச்சை, சாயங்காலம் சிவப்பு. முகம் கழுவுவதும் சோடாவில். மூன்றாம் நாளிலிருந்து அவர் உட்கார்ந்த நாற்காலி அவரோடு எழுந்தது. ஐந்தாம் நாள் ஊரில் இருந்த ஈக்கள் அத்தனையும், வெகுநாளைக்குப் பிறகு காலூன்ற ஒரு இடம் கிடைத்ததென்று அவர் மேல் வந்து உட்கார்ந்தன. வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு மரியாதையாகப் பேசினார்கள்.

திங்கட்கிழமை நர்ஸ் எடை போட்டார். நான்கு கிலோ இருநூற்று முப்பது.

மருமகள் அழுதுவிட்டாள். பாட்டில்காரருக்கும் கண் கலங்கியது. ஆனால் அந்த ஊரில் கண்ணீர் கன்னத்தில் நிற்காது, நேரே சட்டையில்தான் விழும். சம்பந்தி மட்டும் கணக்காகப் பேசினார்.

"கடைசிக் கேன்ல ரெண்டு நாளைக்குத்தான் இருக்கு. புதன்கிழமை பொண்ணையும் பாப்பாவையும் கூட்டிட்டுப் போறேன். திரும்பி அனுப்புவேன்னு எதிர்பாக்காதீங்க."

"இவளைக் கூட்டிட்டுப் போயிடுவீங்க. மீதி மூணு குழந்தை?"

சம்பந்தி சோடாவை வாயருகே நிறுத்தினார்.

"நாளைக்கு செவ்வாய்" என்றார் பாட்டில்காரர். "எனக்கு நாளைக்கு ஒரு நாள் குடுங்க, சம்பந்தி."

"பத்தொன்பது வருஷம் இருந்துச்சே?"

"ஒரே ஒரு நாள்."

மறுநாள் பாட்டில்காரர் வாசலில் நின்று கதவைத் தட்டினார். மனைவி "செருப்பைக் கழட்டிட்டு வாங்க சார்" என்றாள். ஐந்து நிமிடம் ஓடவிட்டார். மூன்று தரம் அலசினார். நிரப்பினார், மூடினார், லேபிளை ஒட்டி இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார். கையை எடுத்ததும் லேபிள் கிளம்பியது. மின்விசிறிக் காற்றில் சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றியது. வாசல்படியில் நின்று வேடிக்கை பார்த்த சம்பந்தியின் வழுக்கைத் தலையில் போய் உட்கார்ந்தது.

விழவில்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். சுவர்க் கடிகாரம் ஒரு நிமிடம் ஓடியது. லேபிள் அப்படியே இருந்தது. மாதிரி எண் நான்கு, கடைசி வீட்டுக் குழாய், நாள், நேரம், கையெழுத்து.

"எடுங்க அதை" என்றார் சம்பந்தி.

பாட்டில்காரர் இழுத்தார். தலை வந்தது, லேபிள் வரவில்லை. அவர் முகம் நான்கு மாதத்துக்குப் பிறகு மலர்ந்தது.

"சம்பந்தி, இந்த பாட்டிலைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தார். சோடா ஊறிய கை. பாட்டில் அதோடு பசை போட்டதுபோல் நின்றது.

"பத்து நாப்பதுக்குப் பஸ்ஸு" என்றார் பாட்டில்காரர்.

பஸ்ஸில் மகன் டிக்கெட் கிழித்தான். சம்பந்தியைப் பார்த்துத் தயங்கினான். "மாமா, லேபிள் ஒட்டியிருந்தா லக்கேஜ்ல சேரும். ரூல் அப்படித்தான்."

"உன் கல்யாணத்துல உனக்கு வாட்ச் போட்டேன் பாரு" என்றார் சம்பந்தி. மகன் பயணிகள் டிக்கெட்டையே கொடுத்தான்.

பரிசோதனைக்கூடத்தில் விதியம்மா நிமிர்ந்து பார்த்தார். "லேபிள் எங்கே?"

பாட்டில்காரர், வெயிலுக்காக வழியில் வாங்கிப் போட்டுவிட்ட தொப்பியைச் சம்பந்தியின் தலையிலிருந்து தூக்கினார்.

விதியம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, எட்டிக் குனிந்து, தலையை முழுக்க வாசித்தார். எழுத்துப்பிழை இல்லை.

"பாட்டில் மேல இல்லையே?"

"விதி ஏழு என்ன சொல்லுதும்மா? வாசிங்க."

"லேபிள் மாதிரியிலிருந்து பிரிக்க இயலாதவாறு இருத்தல் வேண்டும்" என்று விதியம்மா பார்க்காமலே சொன்னார்.

"பிரிச்சுப் பாருங்க."

விதியம்மா பாட்டிலைப் பிடித்து இழுத்தார். சம்பந்தி கவுன்ட்டருக்குப் பாதி தூரம் வந்தார். லேபிளைப் பிடித்து இழுத்தார். சம்பந்தி "அய்யோ" என்று கத்தின கத்தலில் உள்ளே ஒரு சோதனைக்குழாய் உடைந்தது. அதற்குப் பிறகு விதியம்மா யோசிக்கவில்லை. படிவத்தை எடுத்தார். கலன் வகை என்ற இடத்தில் பிளாஸ்டிக், கண்ணாடி, இதர என்று மூன்று கட்டம் இருந்தது. இதர என்பதில் குறியிட்டார். முத்திரை குத்தினார்: ஏற்கப்பட்டது.

"ஒண்ணு சொல்றேன்" என்றார். "மாதிரியை லேபிளோட சேத்து நாலு டிகிரி குளிர்ல வெக்கணும். ரிசல்ட் வர மூணு நாள் ஆகும். விதி பன்னெண்டு."

சம்பந்தி பாட்டில்காரரைப் பார்த்தார்.

"என் பேத்திக்காக உக்கார்றேன். உங்களுக்காக இல்ல. தெரிஞ்சுக்குங்க."

"தெரியும், சம்பந்தி."

"நாற்காலி ஆடாம இருக்குமா?"

பாட்டில்காரர் குளிர் அறைக்குள் போய் நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார். தன் கம்பளியைக் கழற்றிச் சம்பந்தியின் தோளில் போர்த்தினார். மூன்று நாளும் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே இருப்பவர் பேசுவது வெளியே கேட்காது, வெளியே பேசுவது உள்ளே கேட்காது. கல்யாணத்திலிருந்து அதுவரை சம்பந்திகள் இருவரும் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததே இல்லை. புதன்கிழமை, கடைசிக் கேன் தீரும் நாள், மகன் பஸ்ஸில் வந்து சொன்னான்: சம்பந்தியம்மா தன் ஊரிலிருந்து மேலும் இரண்டு கேன் அனுப்பியிருக்கிறார், சனிக்கிழமை வரை ஓடும். பாட்டில்காரர் இரண்டு விரலை நீட்டி, பிறகு குழந்தைக்குப் புட்டி பிடிப்பதுபோல் சைகை காட்டினார். உள்ளே சம்பந்தி பல்லைக் கிட்டித்துக்கொண்டே தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை மாலை ரிப்போர்ட் வந்தது. ஆலைப் பூச்சின் ரசாயனம், இருக்கலாம் என்ற அளவைப் போல நானூறு மடங்கு. விதியம்மா அதை நீட்டும்போது ஒரு நிமிடம் கையை விடவில்லை. "உங்க ஊர்லதான் என் அக்கா இருக்கா" என்றார். பிறகு விட்டார்.

சனிக்கிழமை காலையில் இருவரும் உதவிப் பொறியாளர் முன்னால் நின்றார்கள். ரிப்போர்ட் சம்பந்தியின் கையில். பாட்டில்காரர் தொட மாட்டேன் என்றுவிட்டார்.

"வெச்சுட்டுப் போங்க, பாக்கறேன்" என்றார் உதவிப் பொறியாளர். நான்கு மாதமாக அவர் சொல்லிவந்த வார்த்தை அது. எது வைத்தாலும் தானே போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

சம்பந்தி ரிப்போர்ட்டை மேசையில் வைத்து, உள்ளங்கையால் பளாரென்று ஒரு அறை அறைந்தார்.

அது அங்கேயே நின்றது.

உதவிப் பொறியாளர் மேசையை லேசாகச் சாய்த்தார். நின்றது. ஊதினார். அசையவில்லை. அடுத்த மேசைப் பக்கம் தள்ளிப் பார்த்தார். நான்கு மாதத்தில் முதல் தடவையாக ஒரு காகிதம் அவர் மேசையில் தங்கியிருந்தது. அலுவலகமே எழுந்து வந்து சுற்றி நின்று பார்த்தது. அவர் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார், நகம்தான் போனது.

"நானூறு மடங்கு" என்று கடைசியில் வாய்விட்டு வாசித்தார். அவர் வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருந்தது. அதே குழாய்தான். எழுந்தார், சாவியை எடுத்தார். வால்வு எட்டு சுற்று. அவரே தன் கையால் சுற்றினார். கை வழுக்கியபோதெல்லாம் சம்பந்தி பிடித்துக்கொடுத்தார்.

அன்று மாலையிலிருந்து வேறு ஏரித் தண்ணீர் லாரியில் வந்தது. ஆலைக்காரர்கள் கழிவை இனி வேறு பக்கம் விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் என்று கேட்பதற்குப் படிவத்தில் இடம் இல்லை. ஒரு மாதத்தில் தபால்தலை ஒட்டியது. ஆணி நின்றது, சான்றிதழ் தொங்கியது. கோப்புகளும் பழையபடி மேசைகளில் குடியேறின. பல்லிகள் கூச்சத்தோடு சுவரில் கால் வைத்துப் பார்த்து, பிறகு மேலே ஏறின. சுண்டெலி ஐந்து கிலோ அறுநூறு ஆனாள். நர்ஸ் தராசைத் தட்டிப் பார்க்கவில்லை.

சம்பந்தி ஊருக்குப் போகும் முன் எல்லோரும் சேர்ந்து அவரைக் குளிப்பாட்டினார்கள். நாற்காலி விலகியது, பாட்டில் விலகியது, ஈக்கள் விலகின. லேபிள் மட்டும் வரவில்லை. தொப்பி போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று பேத்தியை ஒருமுறை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். அவள் அவர் தொப்பியைத் தட்டிவிட்டாள். தலையில் ஒட்டியிருந்ததைப் பிடித்து, ஒரே இழுப்பில் உரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"என்ன பிடி, பாத்தீங்களா!" என்றார் சம்பந்தி. தலையைத் தடவிக்கொண்டார். "யாரோட பேத்தி!"

"நம்மளோடது" என்றார் பாட்டில்காரர்.

இன்னும் நம்பாதவர்கள் நகராட்சிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம்: அந்த ஊர்க் குடிநீர்ப் பிரிவில் தண்ணீர் மாதிரி எடுப்பவர் பணியிடம் பத்தொன்பது வருடமாகக் காலியாக இருக்கிறது.